மென்பொருள் கட்டுமானப் பணிகளை விரைவுபடுத்துவதில் நிலைத்த பின்னணி வழங்கியின் பங்கு: கிரேடில் டீமனை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருள் கட்டுமானக் கருவிகள் ஒவ்வொரு கட்டளைக்கும் புதிதாகத் தொடங்கி, பணி முடிந்ததும் மறைந்துவிடுவது நெடுங்கால வழக்கம். ஜாவா போன்ற மெய்நிகர்ப் பொறியின்மேல் இயங்கும் கருவிகளில் இவ்வழக்கம் பெரும் தொடக்கச் செலவை உண்டாக்குகிறது. அச்செலவைக் குறைக்கும் பொருட்டு, பணி முடிந்த பின்னும் நினைவகத்தில் தங்கியிருக்கும் பின்னணி வழங்கி என்னும் அமைப்பு உருவானது. இக்கட்டுரை கிரேடில் கட்டுமானக் கருவியின் டீமனை முதன்மைச் சான்றாகக் கொண்டு, அவ்வமைப்பின் இயக்கத்தையும், விரைவு பிறக்கும் இடங்களையும், அது உண்டாக்கும் சிக்கல்களையும் விளக்குகிறது. விரைவுக்கும் பிழைக்கும் ஒரே காரணம் வழங்கியின் நினைவே என்பதும், எதை நினைவில் வைப்பது, அது இன்னும் மெய்யா என்பதை எவ்வாறு சோதிப்பது என்னும் இரு வினாக்களே இவ்வடிவமைப்பின் மையம் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மென்பொருள் கட்டுமானம், பின்னணி வழங்கி, டீமன், கிரேடில், ஜாவா மெய்நிகர்ப் பொறி, மீளுருவாக்கம்.

1. முன்னுரை

நிரலாளர் எழுதும் மூலநிரல் அப்படியே பயனரைச் சென்றடைவதில்லை. அது பெயர்க்கப்பட்டு, பிற நூலகங்களுடன் இணைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, பொதியாக்கப்பட்ட பின்னரே பயன்பாட்டிற்கு வருகிறது. பில்ட் என்று தொழிலில் வழங்கும் இந்தத் தொடர்பணி இங்குக் ‘கட்டுமானம்’ எனக் குறிக்கப்படுகிறது. 1976ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய ‘மேக்’ என்னும் கருவி இத்துறையில் ஒரு தொடக்கப்புள்ளியாகக் கருதப்படுகிறது. கோப்புகள் இறுதியாக மாற்றப்பட்ட நேரத்தை ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் மீண்டும் பெயர்ப்பது அதன் அடிப்படை உத்தி.

மேக் ஒரு சிறிய நிரல். அது கணப்பொழுதில் தொடங்கும், வேலையைப் பிற நிரல்களிடம் ஒப்படைக்கும், முடிந்ததும் நின்றுவிடும். அடுத்த முறை அழைக்கப்படும்போது முந்தைய இயக்கத்தைப் பற்றிய நினைவு எதுவும் அதனிடம் இராது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வட்டில் உள்ள கோப்புகளும் அவற்றின் நேரக்குறிகளும் மட்டுமே. இந்த மறதி ஒருவகையில் பாதுகாப்பும் ஆகும். முந்தைய இயக்கத்தில் நிகழ்ந்த குழப்பம் எதுவும் நினைவகத்தின் வழியாக அடுத்த இயக்கத்திற்குக் கடந்துவர வழியில்லை.

பின்னாளில் கட்டுமானக் கருவிகள் பெரிதாயின. கிரேடில், மேவன், பேஸல் போன்றவை ஜாவா மெய்நிகர்ப் பொறியின்மேல் இயங்குகின்றன. இவற்றில் தொடக்கச் செலவே தனிச்சுமையானது. அதற்குத் தீர்வாக வந்த பின்னணி வழங்கி, மேலே கூறிய மறதியைக் கைவிடுகிறது. அதனால் பெற்றதும் இழந்ததும் யாவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. தொடக்கச் செலவின் கூறுகள்

ஜாவாவில் எழுதப்பட்ட ஒரு கருவி தொடங்கும்போது நான்கு வகைச் செலவுகள் நேர்கின்றன.

முதலாவது, மெய்நிகர்ப் பொறியே தொடங்குவதற்கு ஆகும் நேரம். இரண்டாவது, வகுப்புகளை ஏற்றும் செலவு. கருவிக்குத் தேவையான ஒவ்வொரு வகுப்பும் பொதிக்கோப்பிலிருந்து எடுக்கப்பட்டு, சரிபார்க்கப்பட்டு, நினைவகத்தில் அமைக்கப்பட வேண்டும். பெரிய கருவிகளில் இவ்வாறு ஏற்றப்படும் வகுப்புகள் ஆயிரக்கணக்கில் அமையும்.

மூன்றாவது, நிரல் சூடேறும் காலம். ஹாட்ஸ்பாட் மெய்நிகர்ப் பொறி தொடக்கத்தில் பைட்குறியை ஒவ்வொரு கட்டளையாகப் பொருள்கொண்டு இயக்குகிறது; இது மெதுவான முறை. ஒரு செயற்கூறு அடிக்கடி அழைக்கப்படுவதைக் கண்ட பின்னரே அதை இயந்திரக் குறியாகப் பெயர்க்கிறது. ஜாவா 8 முதல் இயல்பாக உள்ள படிநிலைப் பெயர்ப்பு முறையில், ஒரு செயற்கூறு 200 முறை அளவில் அழைக்கப்பட்டதும் விரைந்து பெயர்க்கும் முதற்படிக்கும், 5,000 முறை அளவில் அழைக்கப்பட்டதும் ஆழ்ந்து செம்மைப்படுத்தும் மேற்படிக்கும் அது தகுதி பெறுகிறது. பொறி நின்றதும் இவ்வாறு பெயர்க்கப்பட்ட இயந்திரக் குறி பொதுவாக அழிந்துவிடும். அதாவது, ஒரு குறுகிய கட்டுமானப் பணி பெரும்பாலும் பொறி சூடேறும் முன்பே முடிந்துவிடுகிறது. அடுத்த பணி மீண்டும் குளிர்ந்த நிலையிலிருந்தே தொடங்குகிறது.

நான்காவது, திட்டத்தை அறிந்துகொள்ளும் செலவு. கட்டுமான வரையறைக் கோப்புகளைப் படித்தல், செருகுநிரல்களை ஏற்றுதல், பணிகளுக்கிடையேயான சார்பு வரைபடத்தை அமைத்தல், எந்தக் கோப்புகள் மாறியுள்ளன எனக் காணுதல் ஆகியன இதில் அடங்கும். ஒரே ஒரு வரி மாறியிருந்தாலும் இவை அனைத்தும் நடந்தாக வேண்டும்.

3. பின்னணி வழங்கியின் அமைப்பும் இயக்கமும்

பயனர் கண்காணிப்பின்றிப் பின்னணியில் இயங்கும் நிரலை ‘டீமன்’ என்று அழைப்பது 1960களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய வழக்கு. இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லின் கற்பனைப் பூதத்தை ஒட்டி அப்பெயர் இடப்பட்டது. கட்டுமானக் கருவிகளின் டீமனும் அவ்வகையினதே. கிரேடிலில் இது 2016ஆம் ஆண்டு வெளியான 3.0 பதிப்பு முதல் இயல்பாகவே செயற்படுகிறது.

இவ்வமைப்பில் இரு செயல்முறைகள் உள்ளன. ஒன்று, பயனர் கட்டளையிடும்போது தொடங்கும் கிளையன்ட். மற்றொன்று, உண்மைப் பணியைச் செய்யும் வழங்கி. கட்டளை இடப்பட்டதும் நிகழ்வன வருமாறு:

அ) கிளையன்ட் தொடங்குகிறது. இதுவும் ஜாவா நிரலே. எனினும் மிகச் சில வகுப்புகளையே ஏற்றுவதால் விரைவில் தொடங்கிவிடும்.

ஆ) பயனரின் கோப்புறையில் உள்ள பதிவேட்டைப் படித்து, இயங்கிக்கொண்டிருக்கும் வழங்கிகளின் பட்டியலைப் பெறுகிறது.

இ) அவற்றுள் ஓய்ந்திருப்பதும் பொருத்தமானதுமான ஒன்றைத் தேடுகிறது. கிரேடில் பதிப்பும், ஜாவா பதிப்பும், நினைவக வரம்பு போன்ற பொறி அமைப்புகளும் ஒத்திருந்தால்தான் அது பொருத்தமானது. இல்லையெனில் புதிய வழங்கி ஒன்றைத் தொடங்குகிறது.

ஈ) உள்ளக இணைப்பின் வழியாகக் கட்டளை, நடப்புக் கோப்புறை, சூழல் மாறிகள் ஆகியவற்றை வழங்கிக்கு அனுப்புகிறது. வழங்கி தன் சூழலை அதற்கேற்ப மாற்றிக்கொண்டு பணியைத் தொடங்குகிறது.

உ) வழங்கி வெளியிடும் செய்திகளைக் கிளையன்ட் பெற்றுத் திரையில் காட்டுகிறது. பணி முடிந்ததும் கிளையன்ட் மறைகிறது, வழங்கி தங்குகிறது.

ஒரு வழங்கி ஒரு நேரத்தில் ஒரு கட்டுமானத்தையே மேற்கொள்ளும். மூன்று மணிநேரம் எந்தக் கோரிக்கையும் வரவில்லையெனில் அது தானாகவே நின்றுவிடும். இக்கால அளவைப் பயனர் மாற்றிக்கொள்ளலாம்.

4. விரைவு பிறக்கும் இடங்கள்

வழங்கி தங்கியிருப்பதால் முன்னர்க் கூறிய நான்கு செலவுகளும் குறைகின்றன. எனினும் அவை ஒரே அளவில் குறைவதில்லை.

மெய்நிகர்ப் பொறி தொடங்கும் செலவு முற்றிலும் நீங்குவதில்லை. கிளையன்ட்டிற்கு அது தேவை. இதனாலேயே பேஸலின் கிளையன்ட் சி++ மொழியில் எழுதப்பட்டுள்ளது. மேவன் டீமனின் கிளையன்ட்டும் நேரடி இயந்திரக் குறியாகப் பெயர்த்து வழங்கப்படுகிறது. வகுப்புகளை ஏற்றும் செலவு இரண்டாம் இயக்கம் முதல் பெருமளவு நீங்குகிறது. நிரல் சூடேறும் பயன் மட்டும் படிப்படியாகவே கிடைக்கிறது. மேலும் மேலும் செயற்கூறுகள் இயந்திரக் குறியாக மாறுவதால், இரண்டாம் இயக்கத்தைவிட ஐந்தாம் இயக்கம் விரைவாக அமைவதுண்டு.

நான்காம் செலவைக் குறைப்பதில் கோப்பு நிலை பற்றிய நினைவு முதன்மையானது. கோப்புகள் மாறியுள்ளனவா என அறிய அவற்றின் விவரங்களைத் திரட்டி, தேவைப்படும்போது உள்ளடக்கத்திற்கு ஹாஷ் மதிப்பு கணிக்க வேண்டும். இயங்குதளம் அனுப்பும் மாற்ற அறிவிப்புகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும் வழங்கி, மாறாத பகுதிகளைப் பற்றிய செய்தியை ஒரு கட்டுமானத்திலிருந்து அடுத்ததற்குக் கொண்டுசெல்ல இயலும். கிரேடில் 7.0 பதிப்பு முதல் இவ்வசதி இயல்பாகச் செயற்படுகிறது. தொடர்ந்து தங்கியிருக்கும் செயல்முறைக்கே இது இயலும் என்பது குறிப்பிடத்தக்கது. தொடங்கி மறையும் நிரலால், தான் இல்லாத வேளையில் நிகழ்ந்த மாற்றங்களைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

இவ்விரைவின் மதிப்பு பணியின் அளவைப் பொறுத்தது. ஒரு கட்டுமானத்தில் தொடக்கச் செலவு 5 நொடி, உண்மைப் பணி 3 நொடி எனக் கொள்வோம். வழங்கியால் தொடக்கச் செலவு 1 நொடியாகக் குறைந்தால், மொத்தம் 8 நொடியிலிருந்து 4 நொடியாகிறது, நேரம் பாதியாகிவிட்டது. உண்மைப் பணி 10 நிமிடம் எனில் 605 நொடி 601 நொடியாகும். குறைவு ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாது. எனவே இவ்வமைப்பு அடிக்கடி நிகழும் சிறு பணிகளுக்கே உரியது. சிறு மாற்றம் ஒன்றைச் செய்து உடனே சோதித்துப் பார்க்கும் நிரலாளரே இதன் முதற்பயனாளர்.

5. நினைவு உண்டாக்கும் சிக்கல்கள்

கட்டுமானத்தின் அடிப்படை நெறி ஒன்று உண்டு. ஒரே உள்ளீடுகள் ஒரே விளைவையே தர வேண்டும். வழங்கி தங்கியிருக்கும்போது, முந்தைய இயக்கத்தின் எச்சமும் வரையறையில் குறிக்கப்படாத ஓர் உள்ளீடாக நுழைந்துவிடக்கூடும்.

5.1 ஸ்டாட்டிக் மாறிகள்

கிரேடில் செருகுநிரல்களின் வகுப்புகளை வழங்கி மீண்டும் பயன்படுத்துகிறது. அவ்வகுப்பில் உள்ள ஸ்டாட்டிக் மாறி, பொறி நிற்கும் வரை தன் மதிப்பை இழக்காது. ஒரு செருகுநிரல், தான் கையாண்ட கோப்புகளின் பெயர்களை ஸ்டாட்டிக் பட்டியல் ஒன்றில் சேர்த்து, இறுதியில் அதைப் பொதியின் அட்டவணையாக எழுதுகிறது எனக் கொள்வோம். தனித்து இயங்கும் செயல்முறையில் இதனால் தீங்கில்லை. ஒவ்வொரு முறையும் பட்டியல் வெறுமையாகவே தொடங்கும். வழங்கியிலோ, முதல் இயக்கத்திற்குப் பின் நீக்கப்பட்ட கோப்பின் பெயரும் இரண்டாம் இயக்கத்தின் அட்டவணையில் இடம்பெறும். வேறொரு கணினியில் இதே மூலநிரலைக் கட்டினால் அப்பெயர் இராது. பிழை நிரலாளரின் கணினியில் மட்டும், அதுவும் சில வேளைகளில் மட்டும் தோன்றுவதால், அதன் காரணத்தைக் கண்டறிவது கடினம்.

இதற்கு மாற்றாகக் கிரேடில் 6.1 பதிப்பில் பகிர்வுச் சேவைகள் என்னும் அமைப்பு அறிமுகமானது. பணிகளுக்கிடையே பகிரப்பட வேண்டிய நிலையை அதில் வைத்தால், கட்டுமானம் முடிந்ததும் அது கைவிடப்படும். நினைவின் ஆயுளைக் கட்டுமானத்தின் ஆயுளுக்குள் வரையறுப்பதே இதன் உட்கருத்து.

5.2 நினைவகக் கசிவு

ஒருமுறை இயங்கி மறையும் நிரலில் நினைவகக் கசிவு பெரிய குறையன்று. செயல்முறை நிற்கும்போது இயங்குதளம் அனைத்தையும் மீட்டுக்கொள்ளும். வழங்கியில் ஒவ்வொரு கட்டுமானத்திலும் சிறிதளவு கசிந்தாலும் அது சேர்ந்துகொண்டே போகும். இறுதியில் நினைவகத்தைத் துப்புரவு செய்வதிலேயே பொறியின் நேரம் கழியும். கிரேடில் டீமன் தன் துப்புரவுப் போக்கைத் தானே கண்காணித்து, நினைவகம் தீரும் நிலையை உணர்ந்தால் தன்னை முடித்துக்கொள்கிறது. அடுத்த கட்டளை புதிய வழங்கியைத் தொடங்கும். நினைவை அவ்வப்போது முற்றிலும் துறப்பதும் இவ்வடிவமைப்பின் ஒரு பகுதியே என்பதை இது காட்டுகிறது.

5.3 கோப்பு அறிவிப்புகளின் எல்லை

லினக்ஸில் கோப்பு மாற்ற அறிவிப்பு ‘ஐநோட்டிஃபை’ என்னும் வசதியின் வழியாக வருகிறது. அதன் வரிசைக்கு எல்லை உண்டு. வழக்கமான இயல்பு அளவு 16,384 அறிவிப்புகள். பெரும் எண்ணிக்கையிலான கோப்புகள் ஒருங்கே மாறும்போது வரிசை நிரம்பி அறிவிப்புகள் இழக்கப்படலாம். வலையமைப்பின் வழி இணைக்கப்பட்ட கோப்புமுறைமையில் வேறொரு கணினி செய்யும் மாற்றமும் இதற்கு எட்டாது. அறிவிப்பு இழக்கப்பட்டது என அறியும்போது, கோப்பு நிலை பற்றிய தன் நினைவைக் கைவிட்டு வட்டிலிருந்து மீண்டும் படிப்பதே வழங்கிக்குப் பாதுகாப்பான வழி. கிரேடில் அவ்வாறே செய்கிறது. ஐயம் தோன்றும் இடத்தில் விரைவைக் கைவிட்டு மெய்ம்மையைக் காப்பது இங்குப் பின்பற்றப்படும் நெறி.

5.4 பெருகும் வழங்கிகள்

பொருத்தமான வழங்கி இல்லையெனில் புதியது தொடங்கும் என முன்னர்க் கூறப்பட்டது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ தன்னுடன் வரும் ஜாவாவையும், முனையக் கட்டளை கணினியில் நிறுவப்பட்ட வேறு ஜாவாவையும் பயன்படுத்தினால், ஒரே திட்டத்திற்கு இரு வழங்கிகள் தோன்றும். ஒவ்வொன்றிற்கும் 2,048 மெகாபைட் குவியல் வரம்பு தரப்பட்டிருந்தால், 8 கிகாபைட் நினைவகம் கொண்ட கணினியில் பாதி வரை இவற்றிற்கே சென்றுவிடக்கூடும். இரு இடங்களிலும் ஒரே ஜாவாவைக் குறிப்பிடுவதே இதற்குரிய எளிய தீர்வு.

6. பிற அமைப்புகளுடன் ஒப்பீடு

இதே சிக்கலுக்குப் பிற கருவிகள் கண்ட விடைகள் ஒப்புநோக்கத்தக்கவை.

நெய்ல்கன் என்னும் கருவி எந்த ஜாவா நிரலையும் ஏற்கெனவே இயங்கும் ஒரே பொறிக்குள் இயக்க வழிசெய்தது. தனித்து இயங்குவதற்கென எழுதப்பட்ட நிரல்கள் அங்கு ஒரே இடத்தைப் பகிர நேர்ந்தன. அவற்றுக்கிடையே காப்பு அரண் இல்லை என்பதும், வழங்கியின் உரிமைகளே அனைத்து நிரல்களுக்கும் கிடைக்கும் என்பதும் அதன் குறைகள்.

பேஸல் வேறொரு வழியைத் தேர்ந்தது. அதன் வழங்கி, சார்பு வரைபடத்தையும் கோப்பு நிலையையும் நினைவில் வைக்கிறது. பெயர்ப்பு முதலிய செயல்களோ வழங்கிக்கு வெளியே தனிச் செயல்முறைகளில் நிகழ்கின்றன. ஆகவே ஒரு பெயர்ப்பியின் பிழை வழங்கியின் நினைவைக் கெடுப்பதில்லை. எனினும் ஜாவா பெயர்ப்பி போன்றவற்றை ஒவ்வொரு முறையும் தொடங்குவது மீண்டும் பழைய செலவையே கொண்டுவருவதால், பேஸலும் நிலைத்த பணியாள் செயல்முறைகளை ஏற்க நேர்ந்தது.

ரூபி ஆன் ரெயில்ஸ் சட்டகத்துடன் 2014இல் 4.1 பதிப்பு முதல் இணைந்த ஸ்பிரிங் என்னும் கருவி மூன்றாவது வழியைக் காட்டுகிறது. அது செயலியை ஒருமுறை ஏற்றிவைத்து, ஒவ்வொரு கட்டளைக்கும் அச்செயல்முறையின் நகலொன்றைப் பிரித்தெடுத்து அதில் பணியை இயக்குகிறது. பணி முடிந்ததும் நகல் அழிகிறது. அது செய்த மாற்றம் எதுவும் மூலத்தைத் தொடுவதில்லை. தொடக்கச் செலவு குறைகிறது. இயக்கங்களுக்கிடையே எச்சமும் கடப்பதில்லை. ஆயினும் செயல்முறையைப் பிரிக்கும் வசதி இல்லாத விண்டோஸில் இது இயலாது. பல இழைகளில் இயங்கும் ஜாவா பொறிக்கும் இம்முறை பொருந்தாது. பிரிந்த நகலில் ஒரே ஓர் இழை மட்டுமே தொடரும். 2021இல் வெளியான ரெயில்ஸ் 7.0 பதிப்பில் ஸ்பிரிங் இயல்பான இடத்தை இழந்தது. கணினிகள் விரைவடைந்த நிலையில், பெரிய செயலிகளுக்கே அது தேவை எனக் கருதப்பட்டது. தொடக்கச் செலவு சிறிதாயின் பின்னணி வழங்கியின் சிக்கலை ஏற்பதற்கான காரணமும் சிறிதாகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

நினைவை நினைவகத்தில் வையாமல் வட்டில் வைப்பது நான்காவது வழி. கிரேடில் 8.1 பதிப்பில் நிலைபெற்ற உள்ளமைவுச் சேமிப்பு, பணி வரைபடத்தை வட்டில் எழுதிவைத்து, அதற்குரிய உள்ளீடுகள் மாறாதவரை அதையே மீண்டும் எடுத்துக்கொள்கிறது. இங்கு நினைவு எந்த உள்ளீடுகளைச் சார்ந்தது என்பது வெளிப்படையாகப் பதிவாகிறது; வழங்கி நின்றாலும் அது அழிவதில்லை.

7. பயன்பாட்டு எல்லைகளும் அளவீடும்

மேற்கண்டவற்றிலிருந்து சில நடைமுறை முடிவுகள் பெறப்படுகின்றன. நாள்முழுதும் ஒரே திட்டத்தில் பணிபுரியும் நிரலாளரின் கணினியில் வழங்கி மிகுபயன் தரும். தொடர் ஒருங்கிணைப்பில் ஒவ்வொரு பணிக்கும் புதிய கன்டெய்னர் தொடங்கி அழிக்கப்படுமாயின், வழங்கியின் நினைவு ஒருமுறைக்கு மேல் பயன்படாது. வெளியீட்டிற்குரிய இறுதிப் பொதியைப் புதிதாகத் தொடங்கிய செயல்முறையில் கட்டுவது எச்சம் குறித்த ஐயத்தை நீக்கும். வழங்கியில் கட்டிய பொதியையும் புதிய செயல்முறையில் கட்டிய பொதியையும் ஒப்பிட்டால், 5.1இல் கூறிய வகைப் பிழைகளைக் கண்டறியவும் இயலும்.

ஆய்வு நோக்கில் அளவிடுவோர் ஒன்றைக் கருத வேண்டும். கட்டுமான வேகம் பற்றிய ஒப்பீடுகளில், வழங்கி குளிர்ந்த நிலையில் இருந்ததா, சூடேறிய நிலையில் இருந்ததா என்பது கூறப்படாவிடில் எண்களுக்குப் பொருளில்லை. இரு கருவிகளை ஒப்பிடும்போது ஒன்றை முதல் இயக்கத்திலும் மற்றொன்றைப் பத்தாம் இயக்கத்திலும் அளந்தால், வேறுபாடு கருவியினுடையதாகாது, பொறியின் நிலையினுடையதாகிவிடும். ஆகவே ஒவ்வோர் அளவீட்டுத் தொடருக்கு முன்பும் எல்லா வழங்கிகளையும் நிறுத்துதல், குளிர் இயக்கத்தைத் தனியே பதிதல், வெப்பமூட்டும் இயக்கங்கள் சிலவற்றை விலக்கிய பின் பல முறை அளந்து நடுமதிப்பையும் பரவலையும் தருதல் ஆகியன இன்றியமையாதவை. ஜாவா பதிப்பும் குவியல் வரம்பும் உடன் குறிக்கப்பட வேண்டும்.

8. முடிவுரை

பின்னணி வழங்கி பெயர்ப்பியின் வழிமுறையை மாற்றுவதில்லை. முன்பே செய்த வேலையை மறவாதிருப்பதால் விரைவைத் தருகிறது. அந்நினைவு காலாவதியாகும்போதோ, ஒரு கட்டுமானத்திலிருந்து மற்றொன்றிற்குக் கசியும்போதோ தவறான விளைவும் அதே வழியில் வருகிறது. ஆராயப்பட்ட அமைப்புகள் அனைத்தும் இவ்விரண்டிற்கும் இடையில் வெவ்வேறு எல்லைகளை வகுத்துள்ளன. கிரேடில் நினைவைக் கண்காணித்துத் தேவையெனில் துறக்கிறது. பேஸல் செயல்களை வெளியே நிறுத்துகிறது. ஸ்பிரிங் நகலெடுத்து அழிக்கிறது. உள்ளமைவுச் சேமிப்பு உள்ளீடுகளைப் பதிந்துவைக்கிறது. எனவே இத்தகைய அமைப்பொன்றைத் தேர்வோரும் வடிவமைப்போரும் அது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதோடு, எவற்றை நினைவில் கொள்கிறது, எப்போது அவற்றைக் கைவிடுகிறது என்பதையும் சேர்த்தே மதிப்பிடுதல் வேண்டும். செருகுநிரல்களை வழங்கியிலும் புதிய செயல்முறையிலும் இயக்கி விளைவுகளைத் தானாக ஒப்பிடும் சோதனை முறைகளை வகுப்பது இத்துறையில் மேலும் ஆய்வதற்குரிய பகுதியாகும்.